நொடிக்கு அரை நாள்

மூன்று வாரமாய் நடைவழி டெலிபோன் செத்துக் கிடந்தது.
ரிசீவரை எடுத்தால் கடல் மாதிரி ஓர் இரைச்சல்.
சுலைபியா ஜெயிலில் கடல் கேட்காது.
மணல்தான்.

இரண்டு வருஷம் தீர்ப்பு.
கஃபீலின் டேங்கரில் டீசல் குறைந்ததற்கு.
பாதி நான் விற்றது.
மீதியை எவன் விற்றானோ,
அதுவும் என் கணக்கில்தான் ஏறியது.

ஒழுங்காய் இருந்தால் ஆறு மாதம் கழியும் என்றார்கள்.
இருந்தேன்.
தலை எண்ண வந்தால் முதலில் எழுந்து நின்றேன்.
தட்டுக்கு அடித்துக்கொண்டார்கள்,
சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டேன்.
எகிப்துக்காரன் என் கம்பளியை உருவினான்,
வைத்துக்கொள் என்றேன்.
அது பிப்ரவரி.

ஒரு செவ்வாய்க்கிழமை தேதி வந்தது.
ஜனவரி பதினெட்டு. தை நாலு.
தேதி தெரிந்தும் வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பது
வாய் நிறைய வெந்நீரை வைத்துக்கொண்டு
துப்பவும் முடியாமல் நிற்பது.

மொக்லெஸிடம் ஒரு போன் இருந்தது.
கட்டைவிரல் அளவு. செருப்பின் அடியில் குடியிருந்தது.
நாலு நிமிஷம், ரெண்டு பாக்கெட் சிகரெட் என்றான்.
கக்கூஸ் கதவைச் சாத்தி
குழாயை முழுசாய்த் திறந்துவிட்டேன்,
சத்தத்துக்குச் சத்தம்.

உலகம்மா, நான்தான்.
யாரு?
நான்தான்.
கேக்கலையே.
இப்ப கேக்குதா?
இப்ப கேக்குது. உங்களுக்கு?
எனக்குக் கேக்குது.
இருங்க, பால் பொங்குது, இறக்கிட்டு வாரேன்.

போனாள்.
என் காதுக்குள் அடுப்படி திறந்து கிடந்தது.
ஒரு மூடி விழுந்து உருண்டு அடங்கியது.
தெருவில் யாரோ
ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.
கோயில் ஸ்பீக்கரில் மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்.
வந்தாள்.

தை நாலு என்றேன்.
என்னது?
தை நாலு!

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது.

*

முதீர் மேஜையில் அந்தக் கட்டைவிரல் போன்
பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது.
மம்னூ என்றார். அது எனக்கும் தெரியும்.
பேஷி முத்தூ என்று படித்தார்.
பேச்சிமுத்து சார், எங்கள் சாமி பேர் என்றேன்.
அர்த்தம் என்னவாம் என்று கேட்டார்.
மொழிபெயர்க்க வந்த மலையாளி
பேச்சு என்பதை மட்டும் அரபியில் சொன்னான்.
முதீர் வாய்விட்டுச் சிரித்தார்.
சிரித்த மேனிக்குக் கையெழுத்துப் போட்டார்.

பேசியதற்கு மூன்று மாதம்.
போன் யாருடையது என்று பேசாததற்கு ஒன்று.

*

ராத்திரி கணக்குப் போட்டேன்.
நாலு நிமிஷம், இருநூற்று நாற்பது நொடி.
நாலு மாதம், நூற்றிருபது நாள்.
நொடிக்கு அரை நாள்.
பாலை இறக்கப் போனது நாற்பது நொடியாவது இருக்கும்,
அது இருபது நாள்.
கேக்குதா கேக்குதா என்றதில் ஒரு மாதம் காலி.
தை நாலு என்று சொல்ல
ரெண்டே நொடி, ஒரு நாள்.
அது ஒன்றுதான் நியாயமான செலவு.
அதுவும் பொய்யாகிவிட்டது.
அவளுக்கு அது கேட்டிருக்கக் கூடாது என்று
பேச்சியிடம் வேண்டிக்கொண்டேன்.

மொக்லெஸ் இப்போது என் முகம் பார்ப்பதில்லை.
வியாழக்கிழமை முட்டையை மட்டும்
என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறான்.
சாப்பிடுகிறேன். முட்டை என்ன செய்தது.

தை நாலும் வந்தது.
தலை எண்ணினார்கள், எழுந்து நின்றேன்.
பக்கத்துக் கட்டில் காலியானது.
என் கம்பளி திரும்ப வந்தது,
எகிப்துக்காரன் விடுதலை.

*

மாசியில் டெலிபோனைச் சரிசெய்தார்கள்.
கார்டு வாங்கி வரிசையில் நின்று எண்ணை அழுத்தினேன்.

அடுப்புல ஏதாவது இருக்கா?
இல்லையே, ஏன்?
சும்மா.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
அப்புறம் அவள் கேட்டாள்:
தை நாலுன்னு எனக்குக் கேட்டுச்சே,
நெசமாவே கேட்டுச்சா?

பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள்.
எனக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது,
சட்டப்படி.